பால் சேராத சாக்லேட் வீட்டில்: எந்தக் கட்டி வாங்கலாம், எந்தக் கொழுப்பு நிற்கும்?

பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் பாலை விட்டுவிட்டவர்களும் சாக்லேட் செய்ய இறங்கினால், அடுப்படிக்கு வருமுன்னே கடை அலமாரியில் மாட்டிக்கொள்கிறார்கள். 'டார்க்' என்று கொட்டை எழுத்தில் போட்ட கட்டியில் பால் இருக்கலாம். 'வெண்ணெய்' என்று பெயர் வைத்த கோக்கோ வெண்ணெயில் ஒரு சொட்டுப் பால் கிடையாது. அது கோக்கோ விதையைப் பிழிந்தெடுத்த கொழுப்பு. பேக்கரிச் சாமான் கடையிலும் இணையத்திலும் கிடைக்கிற நான்கு வகை மூலப்பொருளை இங்கே எடைபோடுகிறோம். அளவுகோல் இரண்டுதான்: உண்மையிலேயே பால் இல்லையா, நம் ஊர் வெயிலில் உருகாமல் நிற்குமா?

முதலில் உறை. பச்சைப் புள்ளியை நம்பி வாங்காதீர்கள். அது சைவம் என்று சொல்லும்; சைவத்தில் பால் அடக்கம். பால் உட்பட எந்த விலங்குப் பொருளும் இல்லாத உணவுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022ல் தனி விதி கொண்டுவந்தது. பச்சை நிற 'வி' எழுத்தும் அதன் தலையில் சிறு இலையுமாக இருக்கும் அந்த முத்திரை. அது இல்லையென்றால் பொருட்பட்டியலைப் படிக்க வேண்டியதுதான். மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசின், சோடியம் கேசினேட், லாக்டோஸ், பட்டர் ஃபேட், பட்டர் ஆயில் ஆகிய ஏழில் எது இருந்தாலும் அது பால். பட்டர் ஃபேட் டார்க் கட்டிகளிலும் வரும். மேலே வெள்ளை படிவதைத் தள்ளிப்போடுவதற்காகச் சேர்ப்பார்கள். லெசித்தின் (322), பி.ஜி.பி.ஆர் (476) என்றிருந்தால் பயப்பட வேண்டாம், இரண்டும் பால் சம்பந்தமில்லாதவை.

'மே கன்டெய்ன் மில்க்' என்ற எச்சரிக்கை வேறு கதை. ஒரே இயந்திரத்தில் பால் சாக்லேட்டும் ஓடுகிறது என்று பொருள். லாக்டோஸ் செரிக்காதவர்களில் பலருக்கு அந்தத் துளி தொல்லை தராது. பால் புரத ஒவ்வாமை உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் அந்தக் கட்டியைத் தொடவே வேண்டாம்.

டார்க் காம்பவுண்ட் கட்டி

விலை குறைவு, எங்கும் கிடைக்கும், உருக்கி ஊற்றினால் தானே இறுகும். கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் பனங்கொட்டை எண்ணெய் போன்ற கெட்டிப்படுத்திய தாவரக் கொழுப்பு இருப்பதால் டெம்பரிங் (சூட்டை ஏற்றி இறக்கிப் பதப்படுத்துவது) தேவையில்லை. ஊட்டித் தெருக்களில் 'ஹோம்மேட்' என்று விற்பதில் பெரும்பகுதி இந்த இனம்தான். அந்த ருசிக்குப் பழகியவர்களுக்கு இது போதும். மற்றவர்களுக்கு வாயின் மேலண்ணத்தில் மெழுகு ஒட்டியதுபோல் தங்கும்.

பால் விஷயத்தில் நால்வகையிலும் இதுதான் ஏமாற்றும். ஒரே கம்பெனியின் இரண்டு டார்க் காம்பவுண்டில் ஒன்றில் பால் இருக்கும், மற்றதில் இருக்காது. பழைய உறையை நினைவில் வைத்து வாங்காமல் ஒவ்வொரு முறையும் படியுங்கள். உதிரியாக வெட்டி, வெறும் பிளாஸ்டிக் கவரில் நிறுத்துத் தரும் கடையில் இதை வாங்குவதில் அர்த்தமே இல்லை.

இது கெட்டியாக ஓடினால் 200 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விடலாம். இரண்டும் ஒரே குடும்பக் கொழுப்பு, சண்டை போடாது. இதே வேலையை அசல் சாக்லேட்டில் செய்தால் கட்டி தொளதொளத்துவிடும். காம்பவுண்டையும் அசல் சாக்லேட்டையும் பாதிக்குப் பாதி கலப்பதும் அதே தப்பு: இரண்டு கொழுப்பும் ஒன்றையொன்று இறுக விடாது, சில நாளில் மேலே சாம்பல் படரும்.

கூவர்ச்சர் என்கிற அசல் டார்க்

நம் தீர்ப்பு இதற்குத்தான். கோக்கோ, சர்க்கரை, கோக்கோ வெண்ணெய், கொஞ்சம் லெசித்தின், வெனிலா. பட்டியல் இதோடு முடிந்தால் பால் இல்லை. கேக் செய்பவர்கள் அதிகம் புழங்கும் காலிபாட் 811ல் (கோக்கோ 54.5 சதவீதம்) பட்டியல் இப்படித்தான், 'மே கன்டெய்ன் மில்க்' எச்சரிக்கை உண்டா என்று மட்டும் உறையைத் திருப்பிப் பாருங்கள். நம் பக்கத்துச் சரக்கு வேண்டுமென்றால் ஆரோவில்லின் மேசன் அண்ட் கோ பாலில்லாத டார்க் செய்கிறது. பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கோக்கோவிலிருந்து செய்த கட்டிகளும் கிடைக்கின்றன. கோக்கோ விதையிலிருந்தே செய்யும் இந்தச் சிறு தயாரிப்பாளர்களின் கட்டிகளில் கோக்கோ வெண்ணெய் தனியாகச் சேர்க்காமல் விட்டிருந்தால் உருக்கியதும் கூழாக நிற்கும். 100 கிராமுக்கு 5 கிராம் கோக்கோ வெண்ணெய் சேர்த்தால் அச்சில் ஓடும்.

இதன் ஒரே கஷ்டம் டெம்பரிங். கோக்கோ வெண்ணெய் பல விதமாக இறுகும். அதில் ஒரே ஒரு விதம்தான் பளபளப்பும் 'டக்' என்ற முறிவும் தரும். அந்த விதத்துக்கு இழுத்துவருவதுதான் டெம்பரிங். ஒரு டிஜிட்டல் குச்சி வெப்பமானி இருந்தால் வேலை பாதி முடிந்தது.

300 கிராம் கட்டியைத் துவரம்பருப்பு அளவுக்கு நறுக்குங்கள். 200 கிராமைப் பாத்திரத்தில் போட்டு, கொதித்து அணைத்த தண்ணீரின் மேல் வையுங்கள். பாத்திரத்தின் அடி தண்ணீரில் படக்கூடாது. 45 டிகிரி வந்ததும் இறக்கி, அடி ஈரத்தைத் துடைத்துவிட்டு, மீதி 100 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறுங்கள். 31, 32 டிகிரிக்கு இறங்கியதும் அச்சில் ஊற்றலாம். வெப்பமானி இல்லையா? கீழுதட்டுக்குக் கீழே ஒரு சொட்டு வையுங்கள். லேசாகச் சில்லென்று இருந்தால் பதம். கத்தி நுனியில் தோய்த்து ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். பளபளவென்று காய்ந்தால் ஊற்றுங்கள், கோடு கோடாக மங்கினால் இன்னும் கொஞ்சம் துண்டு போட்டுக் கிளறுங்கள். 34ஐத் தாண்டிச் சூடேற்றிவிட்டால் முதலிலிருந்து வர வேண்டும். 55ஐத் தாண்டினால் கருகல் வாசனையும் மணல்பதமும் வந்துவிடும், அதற்கு மருந்தில்லை.

இங்கே பெரும்பாலோர் தோற்பது அறை வெப்பத்தில். மே மாதச் சென்னையில் சமையலறை 33, 34 டிகிரி இருக்கும். 31ல் பதமாகும் பொருள் அங்கே எப்படி இறுகும்? ஏ.சி. அறையில் 22 முதல் 24 டிகிரியில் செய்யுங்கள். ஊற்றியபின் பத்து நிமிடம் மட்டும் ஃபிரிட்ஜ். ராத்திரி முழுக்க விட்டால் வெளியே எடுத்ததும் வியர்த்து, சர்க்கரை கரைந்து மேலே திட்டுத்திட்டாக வெளுக்கும்.

தண்ணீர் இன்னொரு எதிரி. ஒரு சொட்டு நீராவி போதும், உருகிய சாக்லேட் திரண்டு கட்டி கட்டியாகிவிடும். சர்க்கரைத் துகள்கள் ஈரத்தில் ஒட்டிக்கொள்வதுதான் காரணம். இட்லிப் பாத்திரத்தில் உருக்குகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். வீசிவிட வேண்டாம்: 100 கிராமுக்கு 3, 4 மேசைக்கரண்டி சூடான தேங்காய்ப்பால் ஊற்றி அடித்தால் மறுபடி வழவழப்பாகும். அச்சுக்கு ஆகாது, ஆனால் கேக்கின் மேல் ஊற்ற அருமையான சாஸ்.

அச்சு ஊற்றப் பொறுமை இல்லாதவர்களுக்கு நிலக்கடலைக் கொத்து. டெம்பர் செய்த 200 கிராம் டார்க்கில், வறுத்துத் தோல் நீக்கி முழுசாக ஆறிய 150 கிராம் கடலையைப் போட்டுப் பிரட்டி, கரண்டியால் பட்டர் பேப்பரில் சிறு குவியலாக வையுங்கள். (பட்டர் பேப்பரிலும் பட்டர் இல்லை, கவலை வேண்டாம்.) சுமார் 25 வரும். கடலை சூடாக இருந்தால் டெம்பர் கலையும். நமுத்திருந்தால் மறுநாள் மெல்லும்போது ரப்பர். மேலே நாலு கல் உப்பைப் பொடித்துத் தூவுங்கள்.

கோக்கோ வெண்ணெயும் கோக்கோ பொடியும்

கட்டியே வேண்டாம், எல்லாம் நானே என்பவர்களுக்கு. 100 கிராம் கோக்கோ வெண்ணெய், 60 கிராம் கோக்கோ பொடி, 70 கிராம் சர்க்கரைப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயை உருக்கி, மற்றதைச் சலித்துச் சேர்த்து, மேலே சொன்னபடி டெம்பர் செய்யலாம். சூடு இறங்கும்போது போட்டுக் கிளறுவதற்கு, ஏற்கெனவே டெம்பர் செய்த சாக்லேட் ஒரு கைப்பிடி வேண்டும்.

நன்மை: என்ன போட்டீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும், ஒவ்வாமை வீட்டுக்கு நிம்மதி. குறை: விலை அதிகம், நாக்கில் நறநறப்பு. சர்க்கரை கொழுப்பில் கரையாது. தொழிற்சாலையில் மணிக்கணக்கில் அரைத்து நுணுக்குவதை மிக்ஸியால் செய்ய முடியாது. வெள்ளைச் சர்க்கரையைவிடப் பனங்கற்கண்டை நைசாகப் பொடித்து இரண்டு முறை சலித்துப் போட்டால் வாசனை கூடும், நறநறப்பு அதேதான். வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் இங்கே ஆகாது, இரண்டிலும் ஈரம் இருக்கிறது. கோக்கோ பொடியில் ஆல்கலைஸ்டு என்று போட்ட கருநிற வகை காரல் குறைவு. சாதாரணப் பழுப்பு வகை புளிப்புத் தட்டும்.

தேங்காய் எண்ணெய் சாக்லேட்

'மூன்றே பொருள், ஐந்தே நிமிடம்' என்று சுற்றிவரும் குறிப்பு இதுதான். சுலபம் என்பது உண்மை. 100 கிராம் தேங்காய் எண்ணெய், 60 கிராம் கோக்கோ பொடி, 60 கிராம் சர்க்கரைப் பொடி, உப்பு. ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உருகிவிடும். மார்கழிக் காலை தவிர மற்ற நாளெல்லாம் நம் வீட்டில் அது எண்ணெயாகத்தான் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து செய்த சாக்லேட் மட்டும் எப்படிக் கட்டியாக நிற்கும்? கையில் பிடித்தால் கறை, டப்பாவில் போட்டுப் பள்ளிக்கு அனுப்பினால் குழம்பு. ஃபிரிட்ஜிலிருந்து நேராக வாய்க்குப் போகிற தின்பண்டம் என்று ஒப்புக்கொண்டால் நல்ல தின்பண்டம். ஐஸ்போல் சில்லென்று கரையும்.

இரண்டு கோளாறுகள் தவறாமல் வரும். ஒன்று, எண்ணெய் நீர்த்திருக்கும்போதே அச்சில் ஊற்றுவது. கோக்கோவும் சர்க்கரையும் அடியில் தங்கி, மேலே எண்ணெய் தனித் தகடாக இறுகும். கலவைப் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துக் கிளறி, தோசை மாவுப் பதம் வந்தபின் ஊற்றுங்கள். இரண்டு, சர்க்கரைக்குப் பதில் தேனோ பேரீச்சம்பழச் சிரப்போ விடுவது. அவை எண்ணெயோடு சேராமல் பிரிந்து, அடியில் பிசினாக நிற்கும். ஒரு மேசைக்கரண்டி நைசாக அரைத்த முந்திரி விழுது சேர்த்தால் கெட்டித்தன்மையும் வரும், பால் சாக்லேட்டின் சாயலும் வரும். தண்ணீர் விடாமல் அரைத்திருக்க வேண்டும். செக்கு எண்ணெய் என்றால் கோக்கோவைவிடத் தேங்காய் வாசம் முன்னால் நிற்கும். பிடிக்காதவர்கள் ரிஃபைன்டு வாங்கலாம்.

தேங்காய்ப்பால் டிரஃபிள்

டெம்பரிங்கும் வேண்டாம், ஃபிரிட்ஜ் கட்டியும் வேண்டாம் என்பவர்கள் நேராக இதற்கு வரலாம். கிரீம் இல்லாத குறையே தெரியாது. 55 சதவீத டார்க் 200 கிராமுக்குக் கெட்டியான முதல் பால் 100 கிராம். 70 சதவீதக் கட்டி என்றால் 140 முதல் 150 கிராம் பால், இல்லாவிட்டால் உருட்டும்போது வெடிக்கும். தேங்காயைக் கால் டம்ளர் வெந்நீர் மட்டும் விட்டுப் பிழிந்து, ஃபிரிட்ஜில் வைத்து, மேலே திரளும் கெட்டியை எடுப்பது உத்தமம். பாலைச் சிறு தீயில் ஓரம் நுரைக்கும் வரை மட்டும் சூடாக்கி (தளதளவென்று கொதித்தால் திரியும்), பொடியாக நறுக்கிய சாக்லேட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து வெளியே கிளறுங்கள். எண்ணெய் மிதந்தால் ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தேங்காய்ப்பால் விட்டு வேகமாக அடித்தால் கூடிவரும். இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, கையில் கோக்கோ பொடி தடவி உருட்டினால் இருபது உருண்டை.

தேங்காய்ப்பால் பொடி வாங்கிக் கரைத்துச் செய்பவர்கள் ஜாக்கிரதை. கட்டி கட்டாமல் கரைய வேண்டும் என்று பல பொடிகளில் சோடியம் கேசினேட் சேர்க்கிறார்கள், அதாவது பால் புரதம். உறையின் முன்பக்கம் தென்னை மரம் இருக்கும், பின்பக்கம் மாடு இருக்கும்.

வீட்டில் பிழிந்த பாலில் செய்த உருண்டை ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் அடுக்கி ஃப்ரீசரில் வையுங்கள், ஒரு மாதம் கவலையில்லை. எடுக்கும்போது டப்பாவைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். வியர்வை டப்பாவின் மேல் போகும், உருண்டையின் மேல் வராது.