“கேஸ் ஆபீஸ்லேர்ந்து வரோம்மா” என்று வருபவரிடம் அடுப்பைக் கொடுக்காதீர்கள்

வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் பகல் நேரமாகப் பார்த்துத்தான் இந்தப் போலி ஆட்கள் வருகிறார்கள். கழுத்தில் அட்டை, தோளில் பை. “கம்பல்சரி செக்கிங்” என்று நேரே சமையலறைக்குள் போவார். டியூப், சர்வீஸ், கிரீஸ் என்று ஒவ்வொன்றாகக் கூட்டி, ஆயிரம் இரண்டாயிரம் கறந்துவிட்டுப் போவார். காசு போனதோடு முடிந்தால் பரவாயில்லை. அவர் கைவைத்த அடுப்பு வீட்டில் இருக்கிறதே!

முதல் வித்தை டியூபில். ஆரஞ்சு டியூபின் முனையைப் பிடித்து ‘ட’ போல ஒடித்து மடக்குவார். மேல்ரப்பரில் மெல்லிய கோடுகள் தெரியும். “பாருங்க, வெடிச்சிருக்கு.” இரண்டு மூன்று வருடம் அடுப்புச் சூட்டில் கிடந்த ரப்பரை அப்படி மடக்கினால் கோடு விழக்கூடும். மடக்காமலே வெடிப்பு தெரிந்தாலோ, உள்ளிருக்கும் கம்பி வெளியே வந்தாலோ, எலி கடித்திருந்தாலோ உடனே மாற்ற வேண்டும். மற்றபடி ‘சுரக்ஷா’ எனப்படும் இந்த ஆரஞ்சு டியூபுக்கு 5 வருடம் கணக்கு. மாதமும் வருடமும் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். ஐஎஸ் 9573 என்ற தரநிலை எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்சியில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் நல்ல டியூபைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கம்பியே இல்லாத வெறும் ரப்பர் குழாயைப் பல மடங்கு விலைக்கு மாட்டிவிடுகிறார்கள்.

அடுத்தது நுரை. அதைப் பூசி, குமிழைக் காட்டி “லீக்” என்பார். கெட்டியான சோப்பு நுரையைப் பூசினால் குமிழ் இருக்கத்தானே செய்யும்? அது லீக் இல்லை. துடைத்துவிட்டுத் திரும்பப் பூசும்போதும் அதே இடத்தில் குமிழ் புதிதாக ஊதி வளர்ந்தால்தான் லீக்.

இதைவிட மோசம் ஜெட்டில், அதாவது பர்னருக்குள் கேஸை விடும் சிறு முனையில், செய்யும் வேலை. ‘அடைப்பு’ என்று சொல்லி ஊசியை விட்டுக் குடைவார். ஜெட் பித்தளை, துளையோ மயிரிழை அளவு. கொஞ்சம் பெரிதானாலும் கேஸ் அதிகம் வரும், அதற்கேற்ற காற்று சேராது. ஜுவாலை மஞ்சளாக எழும்பும், பாத்திரத்தின் அடி கரியாகும், கார்பன் மோனாக்சைடும் கிளம்பும். பெரிதான துளையைச் சிறிதாக்க வழியில்லை, ஜெட்டையே மாற்ற வேண்டும். சின்ன பர்னர் ஜெட்டைப் பெரியதில் மாட்டிவிட்டுப் போவதும் உண்டு.

நாப் இறுக்கமாக இருந்தால் வால்வைக் கழற்றி, கையில் கிடைத்த கிரீஸையோ தேங்காய் எண்ணெயையோ தடவுவார். அன்றைக்கு வழுக்கிக்கொண்டு திரும்பும். சூட்டில் உருகி ஓடியதும் நாப்புக்குப் பின்னால் கேஸ் கசியும். சூடு தாங்கும் தனி கிரீஸ்தான் அங்கே போட வேண்டும்.

உண்மையான கட்டாயச் சோதனை 5 வருடத்துக்கு ஒருமுறை. கட்டணம் உண்டு, ரசீதும் உண்டு. வந்தவரிடம் உங்கள் கன்ஸ்யூமர் நம்பரைச் சொல்லச் சொல்லுங்கள். சொன்னாலும் கதவைத் திறக்கும் முன் ஏஜென்சிக்குப் போன் போடுங்கள். ஏஜென்சியின் போன் நம்பரை கேஸ் புத்தகத்திலிருந்து எடுக்க வேண்டும், அவர் நீட்டும் அட்டையிலிருந்து அல்ல.

சுத்தம் செய்ய ஆளே வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறியபின் பர்னர் தலையைக் கழற்றுங்கள். பித்தளை என்றால் புளி கரைத்த வெந்நீரில் அரை மணி நேரம். அலுமினியம் என்றால் புளி வேண்டாம். சோப்புத் தண்ணீர் போதும். பழைய டூத் பிரஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். ஈரம் இருந்தால் ஜுவாலை படபடக்கும். பர்னருக்குக் கீழே உள்ள குழாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பொங்கி வழிந்த பாலும் கரப்பான் முட்டையும் தங்குவது அங்கேதான். உலர்ந்த பாட்டில் பிரஷ் விட்டு இழுங்கள்.

ஏற்கெனவே ஆள் வந்து போயிருந்தால் இன்றே சோதியுங்கள். ஜன்னலைத் திறந்து, அடுப்பின் நாப்களை மூடி, ரெகுலேட்டரை மட்டும் திறங்கள். நீர்த்த சோப்புத் தண்ணீரை டியூபின் இரு முனை, ரெகுலேட்டர் கழுத்து, நாப்களின் பின்புறம் எல்லாம் தடவி ஒரு நிமிடம் பாருங்கள். தீக்குச்சி வேண்டவே வேண்டாம். குமிழ் வளர்ந்தால் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, நூல் கட்டிய மூடியை சிலிண்டரில் அழுத்திப் போடுங்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். வாசல் கதவையும் திறந்து வையுங்கள். வெளியே போய் கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.