ராத்திரி ரயில்: படுக்கை சுகம் தான், சர்வீஸ் ஆளைப் பொறுத்து

நீண்ட தூரத்துக்கு படுத்துட்டே போற சுகம் பஸ்லயும் கிடையாது ஃபிளைட்லயும் கிடையாது, அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா பெர்த் எங்க கிடைக்குதுங்கறது முக்கியம், கோச்சோட ரெண்டு முனையிலயும் கீழ சக்கர போகி இருக்கறதால அங்க அதிர்வு ஜாஸ்தி, கதவு சத்தம், டாய்லெட் வாசல் நடமாட்டம் வேற, அதனால நடுவுல கிடைச்சா யோசிக்காம எடுத்துடுங்க. மேல் பெர்த்ல ஆட்டம் அதிகமா தெரியும், ஆனா யாரும் எழுப்ப மாட்டாங்க.

சர்வீஸ் தான் பிரச்சனை. எனக்கு குடுத்த பெட்ஷீட் ஈரமா இருந்துச்சு, மடிப்புல தலைமுடி வேற. அட்டெண்டர்ட்ட சொன்னா "இருக்கறது இது தாங்க"ன்னுட்டு போயிட்டாரு. அடுத்து டியூட்டிக்கு வந்த அம்மா விஷயம் கேள்விப்பட்டு புதுசு கொண்டு வந்து விரிச்சும் குடுத்தாங்க, ரொம்ப நல்ல மனசு.

நடு ராத்திரி வண்டி எங்கயோ நின்னுடுச்சு, ஒரு அறிவிப்பு கூட இல்ல. லேட் ஆகறது சகஜம், நான் அத குத்தம் சொல்லல, ஏன் நிக்குதுன்னு மைக்ல ஒரு வார்த்தை சொல்ல என்ன கஷ்டம்? குழந்தைய வெச்சிருந்தவங்க தவிச்சு போயிட்டாங்க. காலையில டாய்லெட்ல தண்ணியும் தீர்ந்துடுச்சு, பெரிய ஸ்டேஷன்ல அவ்ளோ நேரம் நின்னப்பவே ரொப்பியிருக்கலாம்.