இரண்டாம் தரமும் பயம் வந்தால்தான் பேய்ப்படம்

போன மாதம் முழுக்க, அம்மா அப்பா படுத்த பிறகு, கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் நானும் தங்கச்சியும் பேய்ப்படங்களாகத் தேடித் தேடிப் பார்த்தோம். உண்மையிலேயே பயம் வர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. தமிழ்ப் பேய்ப்படம், திடீர்ச் சத்தத்தில் தூக்கிவாரிப் போட வைக்கிற ஹொலிவூட் படம், மெதுவாக நகர்கிற ஜப்பானியப் படம் என்று மூன்று பக்கமும் போய் வந்தோம். நான் ஜப்பானியப் பக்கம்தான், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தமிழில் 'காஞ்சனா' (2011) ஓடிய ஓட்டத்துக்குப் பிறகு பேய் வந்தால் பகிடியும் கூடவே வந்துவிடுகிறது. குடும்பமாகப் பார்க்க நல்லது, பயத்துக்கு உதவாது. ஆனால் 'யாவரும் நலம்' (2009) வேறு. மாதவன் தனியாக ஏறினால் மட்டும் லிஃப்ட் வேலை செய்யாது, அவர் வீட்டில் நடப்பதெல்லாம் டிவி சீரியலில் ஓடும். ஐந்தாம் மாடியில் குடியிருக்கிற எங்களுக்கு அந்த லிஃப்டே போதும்.

ஹொலிவூட்டில் 'கொன்ஜூரிங்' (2013). நிலவறை இருட்டில் தாய் தீக்குச்சி கொளுத்திப் பிடித்திருக்க, பக்கத்திலிருந்து இரண்டு கைகள் வந்து தட்டும். நாங்கள் கத்திய கத்தலில் அம்மா எழும்பி வந்துவிட்டார். சரி, நல்ல படம்தான். அடுத்த கிழமை திரும்பப் போட்டோம். கை எப்போது வரும் என்று தெரியும், வந்தது, தட்டியது, இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு விஷயமே இதுதான். முதல் தரம் யாரும் பயம் காட்டலாம், பின்னால் வந்து 'பே' என்றாலும் உடம்பு துள்ளும். அது பயம் இல்லை, திடுக்கிடுதல், நொடி தெரிந்துவிட்டால் தீர்ந்துபோகும். வருவது தெரிந்த பிறகும் வயிறு கலங்குகிறதா?

ஜப்பானிய இயக்குநர் கியோஷி குரோசாவாவின் 'கைரோ' (2001) அப்படிக் கலங்க வைத்தது. ஓர் அறையின் கோடியிலிருந்து ஒரு பெண் மெதுவாக நடந்து வருகிறாள். பாதி வழியில் கால் மடங்கி, உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்து, பிறகு நிமிர்ந்து, வந்துகொண்டே இருக்கிறாள். துள்ள வைக்கிற சத்தம் எதுவும் இல்லை. இரண்டாம் தரம் பார்த்தபோது அந்தச் சரிவு வரப்போகிறது என்று தெரிந்ததாலேயே அவள் எடுத்து வைத்த ஒவ்வோர் அடியும் எனக்குக் கூடுதலாகக் கனத்தது, தங்கச்சி என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

அமெரிக்கப் படமானாலும் 'ஹெரெடிட்டரி' (2018) இந்தச் சாதிதான். பையன் கட்டிலில் விழித்திருக்கிறான், மேலே சுவர் மூலையில் அவன் அம்மா ஒட்டிக்கொண்டிருக்கிறாள், அங்கே பார் என்று இசைகூடச் சொல்லாது. முதல் தரம் நான் கவனிக்கவே இல்லை, ஏனென்றால் வெளியே வீதி லைட் ஜன்னல் வழியாக நேரே திரையில் விழுந்தது. இந்தப் படங்களை ஃபோனில் பார்ப்பது வீண். திரைச்சீலையை இழுத்து மூடி, அறையை இருட்டாக்கி, ஹெட்ஃபோன் போட்டுப் பார்க்க வேண்டும்.

குறையும் உண்டு. 'கைரோ' கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம், முதல் அரை மணித்தியாலத்தில் தங்கச்சிக்குக் கொட்டாவி வந்தது. கதை எல்லாவற்றுக்கும் விளக்கம் கேட்பவர்களுக்குச் சரிவராது.

கொரியப் படங்களைப் பற்றி அடித்துப் பேச மாட்டேன், பார்த்தது குறைவு. 'த வெய்லிங்' (2016) இரண்டரை மணித்தியாலத்துக்கும் மேலே போகிறது, ஒரு தரம்தான் பார்த்தோம். அதையும் இரண்டாம் தரம் பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன், தங்கச்சி வர மாட்டேன் என்றுவிட்டாள்.