எட்டாவது வருடத்தில் இன்லைன் டியூப்: எல்லாம் சரி, அந்த 60 செ.மீ. தவிர

2025 செப்டம்பர் 22 முதல் சொட்டுநீர்ச் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் ஒரே கேள்விதான்: "அண்ணா, பழைய டியூப்பை மாத்திடலாமா? எது வாங்கறது?" கேட்கிறவர்களுக்கு 12 எம்.எம். டியூப்புக்கும் 16-க்கும் உள்ள வித்தியாசம் தெரியும், உரத்தைத் தண்ணீரோடு கலந்து விடும் வெஞ்சுரி எங்கே உட்காரும் என்பதும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். 2018-ல் ஒரு ஏக்கர் செம்மண் கொல்லையில் இறங்கிய 16 எம்.எம்., மணிக்கு 4 லிட்டர், 60 செ.மீ. இடைவெளி இன்லைன் டியூப்பை (சொட்டு வாய் உள்ளேயே பதிந்து வருவது) பற்றித்தான் இந்தப் பதிவு.

டியூப்பின் மேல் குறை சொல்ல வாயில்லை. ஐ.எஸ். 13488 தர முத்திரை, கனமான கிளாஸ் 2 சுவர். எட்டுக் கோடை வெயிலில் கிடந்தும் வெடிக்கவில்லை. சேதம் எல்லாம் எலி, அணில், களைக்கொத்து இந்த மூன்றால்தான். கடித்த இடத்தை வெட்டி ஒரு ஜாயினர் போட்டால் முடிந்தது வேலை.

எரிச்சல் அந்த 60-ல் இருக்கிறது. மானியத்துக்கு மனு கொடுக்கும்போது என்ன பயிர், என்ன இடைவெளி என்று கேட்பார்கள். தக்காளி என்று சொன்னால் 1.2-க்கு 0.6 மீட்டர் என்று எழுதிக்கொள்வார்கள். அதாவது வரிசைக்கு வரிசை 4 அடி, சொட்டுக்குச் சொட்டு 2 அடி. அந்த ஒரு வரியை வைத்துத்தான் டிசைன், அளவு, பில் எல்லாமே. சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் கிடைக்கிறது என்ற சந்தோஷத்தில் அந்த வரியை யாரும் இரண்டாம் தடவை படிப்பதில்லை. அதே நிலத்துக்கு மறுபடி மானியம் கேட்க ஏழு வருடம் ஆக வேண்டும். ஏழு வருடம் என்ன பயிர் வைப்பது என்பதை அன்றைக்கே எழுதிக்கொடுத்த மாதிரிதான்.

செம்மண்ணில் தண்ணீர் பக்கவாட்டில் பரவுவது குறைவு, நேராகக் கீழே இறங்கிவிடும். 4 லிட்டர் சொட்டு ஒரு மணி நேரம் ஓடினால் மேலே சுமார் ஒன்றரை அடி வட்டம் நனையும். அடுத்த சொட்டு 2 அடி தள்ளி இருப்பதால் நடுவில் அரை அடி காய்ந்தே கிடக்கும். தக்காளிக்கு அது குறையே இல்லை, செடியும் 2 அடிக்கு ஒன்றுதானே. சின்ன வெங்காயம், பீன்ஸ், பீட்ரூட், கொத்தமல்லி வைத்துப் பாருங்கள். டியூப் நெடுக ஒரு கொத்து பச்சை, ஒரு கொத்து மஞ்சள் என்று முறை வைத்து வரும். களிமண் கொல்லைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை, அங்கே வட்டங்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடும்.

காய்ந்த இடத்தைச் சேர்க்க நேரத்தைக் கூட்டினால், வேருக்குக் கீழே தண்ணீர் போய், கூடவே கரைத்து விட்ட யூரியாவும் போகிறது. இரண்டு சொட்டுக்கு நடுவில் துளை போட்டு, வெளியிலிருந்து மாட்டும் தனிச் சொட்டு வாயான ஆன்லைன் டிரிப்பர் செருகலாம். கனமான டியூப்பில் நிற்கும், மெல்லிசு டியூப்பில் ஒரு மாதத்தில் ஓரமாகக் கசியும். ஒரு பாத்திக்கு இரண்டு டியூப் போட்டு, சொட்டுகளை ஒரு அடி முன்பின்னாகத் தள்ளி வைப்பதுதான் பயிருக்கு நல்லது. ஆனால் அதில் கணக்கு உதைக்கும்.

கணக்கு இப்படி. 60 மீட்டர் நீள டியூப்பில் 100 சொட்டு, மணிக்கு 400 லிட்டர். போர் மணிக்கு 9,000 லிட்டர் கொடுத்தால் ஒரே நேரத்தில் 22 டியூப் ஓட்டலாம். 4 அடி வரிசையில் அது 1,584 சதுர மீட்டர், ஏக்கர் 4,047. ஆக நிலத்தை மூன்றாகப் பிரித்து, முறை வைத்துத் திறக்க மூன்று கேட் வால்வு. இரட்டை டியூப் போட்டால் ஒரு வால்வுக்கு 11 பாத்திதான் தேறும், ஐந்தாறு வால்வு வேண்டும். மும்முனை மின்சாரம் இருக்கிற நேரத்துக்குள் ஒரு சுற்று முடியாது.

டியூப்பை மாற்றினால் தீராதா என்றால், பாதி தீரும். 30 செ.மீ. இடைவெளி, மணிக்கு 2 லிட்டர் டியூப் வாங்கினால் 60 மீட்டருக்கு 200 சொட்டு, மணிக்கு அதே 400 லிட்டர். மோட்டார், வால்வு, டியூப்களுக்குத் தண்ணீர் பிரித்து விடும் சப்மெயின் எதையும் தொட வேண்டாம். இது தெரியாமல் பலர் மோட்டாரையே மாற்றக் கிளம்புகிறார்கள். தீராத மறுபாதி மண்ணுக்குள் இருக்கிறது. சப்மெயின் பி.வி.சி. குழாயை இரண்டு அடி ஆழத்தில் புதைத்து, 4 அடிக்கு ஒரு துளை போட்டு, டியூப்பை இணைக்கக் கிராமெட் ரப்பரும் டேக் ஆஃபும் மாட்டியிருக்கிறது. 3 அடிப் பாத்தி வேண்டுமென்றால் வாய்க்கால் மாதிரித் தோண்டி, பழைய துளைகளில் பெரும்பாலானதை அடைத்து, புதிதாகப் போட வேண்டும். டியூப் ஏழெட்டு வருடச் சாமான், பி.வி.சி. இருபது வருடம் கிடக்கும். முதல் நாள் யோசிக்க வேண்டியது அந்தத் துளையைத்தான், நாமோ டியூப் கம்பெனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

2 லிட்டர் சொட்டுக்கு வாய் சின்னது. நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் வெள்ளைப் படிவு சீக்கிரம் கட்டும். ஒவ்வொரு பருவம் முடிந்ததும் ஆசிட் விட்டே ஆக வேண்டும். 10 லிட்டர் வாளித் தண்ணீரில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பி.எச். தாளில் 4 வரும் அளவைக் குறித்துக்கொண்டு, அந்த விகிதத்தில் வெஞ்சுரி வழியாக விடுங்கள். கடைசி டியூப்பின் முனையிலும் 4 காட்ட வேண்டும். பிறகு மூடி 24 மணி நேரம் விட்டு, எண்ட் கேப்பைத் திறந்து தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பாசிக்கு பிளீச்சிங் பவுடர் விட்ட அன்றைக்கு ஆசிட் பக்கமே போகாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் விஷ வாயு. சோதனைக்கு ஒரு டம்ளர் போதும். 4 லிட்டர் சொட்டு 6 நிமிடத்தில் 400 மி.லி. கொடுக்க வேண்டும். கடைசி சொட்டு 300-ஐத் தொடவில்லையென்றால் அடைப்புதான்.

காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இளங்கன்றுக்கு நடுவில் ஊடுபயிர் வைக்கிற ஆசையில் இன்லைன் போட்டால், 10 மீட்டர் இடைவெளி மரங்களுக்கு நடுவே பதினாறு சொட்டு களைக்குத்தான் தண்ணீர் ஊற்றும். சொட்டு வாய் இல்லாத பிளெயின் லேட்டரல் போட்டு, மரத்தடியில் ஆன்லைன் டிரிப்பரைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. அன்றைக்குத் தேவைக்கு மேல் என்று தோன்றிய 75 எம்.எம். மெயின் லைன், பக்கத்து அரை ஏக்கரைச் சேர்த்தபோது ஒரு பைசா செலவு வைக்கவில்லை. அதே மனுவில் வந்ததுதான் அதுவும்.

ஆனாலும் தீர்ப்பு: செம்மண்ணில் 60 செ.மீ. வாங்காதீர்கள். சொட்டு 2 அடி என்பதால் தக்காளி, தக்காளி என்பதால் மறுபடி 2 அடி. 2023 ஜூலையில் கிலோ நூறு தாண்டியபோது இந்த டியூப்பைத் தெய்வம் என்று கொண்டாடினோம். விலை விழுந்து பறிகூலிக்குக்கூடத் தேறாத பருவங்களிலும் அடுத்தும் தக்காளியே வைத்தோம், வாடல் நோயும் நூற்புழுவும் அதே பாத்தியில் குடியேறின.

ஏழு வருடம் முடிந்துவிட்டது, மறுபடி மனு போடலாம். அது வந்து சேரும்வரை எலி கடித்த வரிசைகள் காத்திருக்குமா? போன வாரம் 500 மீட்டர் சுருள் ஒன்று வாங்கியாயிற்று. ஜாயினர் கையில் கிடக்கிறது, 98 குழித்தட்டில் தக்காளி நாற்றுக்கு இருபது நாள் ஆகிறது. 60 செ.மீ.தான்.