தீத்தடயம் எடுக்கத் தகர டப்பா: வாங்கலாமா?

பார்க்க வெறும் பெயிண்ட் டப்பாதான். ஒரு லிட்டர் அளவு, அழுத்தி மூடும் மூடி, உள்ளே பூச்சு கிடையாது. தீவைப்பு என்று சந்தேகம் வந்த இடத்தில் கருகிய கம்பளத்தையும் பலகையையும் ஆய்வகத்துக்கு அனுப்ப முதலில் இதைத்தான் வாங்கச் சொல்வோம். பெட்ரோல் ஆவி தகரத்தைத் தாண்டிப் போகாது. சாதாரண பாலித்தீன் பையில் போட்டால் கசிந்து போவதோடு, பக்கத்துப் பையில் உள்ள மாதிரிக்குள்ளும் புகுந்துவிடும். செய்யாத குற்றத்துக்கு ஒருவர் சிறை போக அது போதும்.

முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். மேலே உள்ள காலி இடத்தில்தான் ஆய்வகத்தில் செயலூட்டிய கரிப் பட்டையைத் தொங்கவிட்டு, 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில், பெரும்பாலும் 16 மணி நேரம் வைப்பார்கள். பட்டை பிடித்த ஆவியைக் கார்பன் டைசல்பைடு போன்ற கரைப்பானில் இறக்கி, கலவையிலுள்ள வேதிப்பொருள்களைப் பிரித்து அடையாளம் காட்டும் ஜிசி-எம்எஸ் கருவியில் பார்ப்பார்கள். திணித்து அடைத்தால் பட்டைக்கு இடமிருக்காது.

பலர் கோட்டை விடுவது மூடியில். விளிம்பைச் சுற்றி ஓடும் பள்ளத்தில் நாலு சாம்பல் துணுக்கு கிடந்தாலே மூடி முழுசாக உட்காராது. சுத்தமான டிஷ்யூவால் பள்ளத்தைச் சுற்றித் துடைத்துவிட்டு, ரப்பர் சுத்தியலால் ஓரத்தில் எதிரெதிராகத் தட்டி இறக்குங்கள். நடுவில் அடித்தால் மூடி குழிந்து ஓரம் கிளம்பிவிடும். மாதிரிக்கு மாதிரி கையுறை மாற்றுவதும் கட்டாயம்.

பெரிய குறை துரு. தீயணைப்புத் தண்ணீரில் ஊறிய கரியை வாரக்கணக்கில் வைத்தால் ஊசித்துளை விழும், ஆவி போய்விடும். ஈர மாதிரிக்கு உள்ளே எபாக்சி பூசிய டப்பா நல்லது. ஆனால் அந்தப் பூச்சே ஆவி விடலாம் என்பதால், அதே தொகுதியில் ஒரு காலி டப்பாவை மூடி ஆய்வகத்துக்குச் சேர்த்து அனுப்புங்கள். மண் மாதிரி என்றால் எந்த டப்பாவானாலும் உறைகுளிரில் வைக்க வேண்டும். மண்ணிலுள்ள பாக்டீரியா பெட்ரோலின் கூறுகளைத் தின்றுவிடும். கண்ணாடி ஜாடி அந்தக் குளிரில் விரிசல் விடும்.

டப்பாவில் அடங்காத துண்டுக்கு நைலான் பை இருக்கிறது. ஆணி குத்தினால் போச்சு. ஸ்பிரிட் ஊற்றிய சந்தேகம் இருந்தாலும் வேண்டாம், மெத்தனாலும் எத்தனாலும் நைலானில் கசியும்.

வாங்கும்போது எண்ணிக்கையைக் கூட்டி வாங்குங்கள். எரிந்த கம்பளம் தானாகவே டொலுயீன், ஸ்டைரீன் எல்லாம் விடும். எது கம்பளத்திலிருந்து வந்தது, எது ஊற்றிய எரிபொருளிலிருந்து வந்தது என்று ஆய்வகம் ஒப்பிட்டுப் பார்க்க, அதே கம்பளத்தின் எரியாத துண்டு தனி டப்பாவில் கூடவே போக வேண்டும்.