100 லிட்டர் நன்னீர்த் தொட்டி: எந்த மீனோடு எந்த மீன் சேரும்?

80 செ.மீ. நீளம், 35 அகலம், 40 உயரமுள்ள தொட்டி கணக்குப்படி 112 லிட்டர். மணலும் கல்லும் போட்டு, விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் உள்ளே நிற்கும் தண்ணீர் 95 லிட்டர் அளவுதான். இதற்கு மீன் தேர்ந்தெடுக்கும்போது பலரும் நிறத்தைப் பார்த்துத் தொடங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. குணம் ஒத்துப்போகாத மீன்கள் சில நாட்களிலேயே அதைக் காட்டிவிடும். தண்ணீர் ஒத்துவராத மீனோ மாதக்கணக்கில் நலிந்து சாகும், காரணமும் பிடிபடாது.

நியான் டெட்ராவா, கப்பியா?

இரண்டும் சாது, இரண்டும் சிறியவை, ஒன்றையொன்று சீண்டாது. ஆனாலும் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கச் சொல்வோம். நியானுக்கு மென்னீர், அதாவது கால்சியம், மெக்னீசியம் உப்புகள் குறைந்த தண்ணீர் வேண்டும்: பிஎச் 6 முதல் 7, கடினத்தன்மை (அந்த உப்புகளின் அளவு) ஜெர்மன் அளவில் 10 டிகிரிக்குள், வெப்பம் 22–25 டிகிரி செல்சியஸ். கப்பிக்கு பிஎச் 7 முதல் 8, கடினத்தன்மை 10 டிகிரிக்கு மேல். தொட்டியில் வளர்ந்த நியான் ஓரளவு கடினநீரைத் தாங்கும். கப்பிக்கு அமில மென்னீர் ஆகவே ஆகாது. துடுப்பை மடக்கிக்கொண்டு ஒதுங்கி நிற்கும், பூஞ்சை எளிதில் பிடிக்கும்.

குழாய்த் தண்ணீர் மென்னீரென்றால் நியான், கடினநீரென்றால் கப்பி. மருந்து ஊற்றி பிஎச்சை இறக்கப் பார்க்காதீர்கள். தண்ணீரிலுள்ள கார்பனேட் அதை மறுபடி மேலே இழுத்துவிடும். மாறாமல் நிற்கும் 7.6ஐவிட, 6.8க்கும் 7.6க்கும் இடையே ஏறி இறங்கும் தண்ணீர்தான் மீனை அதிகம் வாட்டும்.

நியான் என்றால் 10 முதல் 12 வேண்டும். நான்கைந்து மட்டும் விட்டால் மூலையிலேயே கிடக்கும். கப்பியில் ஆண்களை மட்டும் 8 அல்லது 10 வைப்பதே நிம்மதி. பெண் கப்பி விந்தணுவை மாதக்கணக்கில் சேமித்து வைக்கும். பெண்களை மட்டும் வாங்கினாலும் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு முறை குஞ்சு போட்டுக்கொண்டிருக்கும், தொட்டி நிரம்பி, கழிவிலிருந்து வரும் நைட்ரேட் ஏறும்.

டைகர் பார்ப் துடுப்பைக் கடிக்கும் மீன் என்று பெயர் வாங்கியது. மூன்று நான்கு மட்டும் இருந்தால் அது முழுக்க உண்மை. 8க்கு மேல் இருந்தால் துரத்தல் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே அடங்கிவிடும். அப்போதும் கப்பி, ஃபைட்டர், கௌராமி, ஏஞ்சல் எதுவும் அதோடு வேண்டாம். வேகமாக நீந்தும் ஜீப்ரா டானியோ சரியான துணை.

நடுநாயகமாக யார்?

கையில் வாங்கும்போது ஏஞ்சல் ஒரு நாணயம் அளவுதான். வளர்ந்தால் உடல் நீளமே 15 செ.மீ. வரை போகும், துடுப்போடு உயரம் அதைவிடக் கூடுதல். 40 செ.மீ. உயரத் தொட்டியில் மணல் போக மிஞ்சுவது அதற்கு நெருக்கடி. வளர்ந்த ஏஞ்சல் வாய்க்குள் நியான் அப்படியே அடங்கும். ‘சிறு வயதிலிருந்தே சேர்த்து வளர்த்தால் தின்னாது’ என்பதை நம்ப வேண்டாம். ஜோடி சேர்ந்து முட்டையிட்டால் மற்ற மீன்களையெல்லாம் ஒரு மூலைக்கு விரட்டிவிடும்.

குள்ள கௌராமி அழகு, 7–8 செ.மீ.தான். இரண்டு ஆண் ஒரு தொட்டியில் ஒத்துப்போகாது. அதைவிடப் பெரிய சிக்கல், இந்த இனத்தில் பரவியிருக்கும் இரிடோவைரஸ். அதற்கு மருந்தே கிடையாது. எங்கள் தேர்வு தேன் கௌராமி: 5 செ.மீ., ஒரு ஆண், இரண்டு பெண். நீர்ப்பரப்புக்கு வந்து காற்றையும் சுவாசிக்கும் மீன் என்பதால் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே சில செ.மீ. இடைவெளி விடுங்கள், ஃபில்டர் தண்ணீர் வேகமாகக் கொட்டக் கூடாது. ஆண் ஃபைட்டர் ஒன்றை நியானோடு விடலாம், கப்பியோடு கூடாது. கப்பியின் வண்ண வாலை இன்னொரு ஃபைட்டர் என்றே அது எடுத்துக்கொள்ளும்.

அடித்தளத்துக்கு

‘தொட்டியைச் சுத்தம் செய்யும்’ என்று விற்கப்படும் சாதாரண பிளெக்கோ (வாயால் ஒட்டிக்கொள்ளும் கெளுத்தி வகை) 30 செ.மீ.க்கு மேல் வளர்ந்து, நிறையக் கழிந்து தொட்டியை அழுக்காக்கும். பாசி தின்ன வேண்டுமென்றால் 12–15 செ.மீ.யோடு நிற்கும் பிரிசில்நோஸ் பிளெக்கோ ஒன்று போதும், கடிக்க ஒரு மரக்கட்டை போடுங்கள். சீன பாசித்தின்னி வேண்டவே வேண்டாம். வளர்ந்தபின் மற்ற மீன்களின் உடலில் ஒட்டிக்கொண்டு மேல்வழுவழுப்பை உறிஞ்சும். அடியில் மேயும் சிறு கெளுத்தியான கோரிடோரஸ் 6 சேர்ந்தால் இதமான கூட்டம். அது துப்புரவு மீன் என்று எண்ணிப் பட்டினி போடுகிறவர்கள் அநேகம். மூழ்கும் தீவனம் தனியாகக் கொடுக்க வேண்டும், அடியில் மென்மணல் வேண்டும். கூரான சரளையில் மீசை தேய்ந்து புண்ணாகும்.

ஆக, மென்னீருக்கு 12 நியான், 3 தேன் கௌராமி, 6 கோரிடோரஸ், 25 டிகிரி. கடினநீருக்கு 10 ஆண் கப்பி, 6 வெண்கல கோரிடோரஸ், ஒரு பிரிசில்நோஸ். முதலில் தொட்டியைப் பக்குவப்படுத்துங்கள், அதாவது மீன் கழிவின் அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாவை மீன் விடுமுன்பே வளர்த்துக்கொள்ளுங்கள்: நீங்கள் சேர்க்கும் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அமோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமாக வேண்டும், அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் பூஜ்யமாக வேண்டும். மென்னீர்த் தொட்டியில் முதலில் கோரிடோரஸை விடுங்கள். புதுத் தொட்டி நியானுக்கு ஒவ்வாது. நான்கு வாரம் கழித்து விடுங்கள். கௌராமி கடைசி, முன்பே வந்தால் இடத்தைத் தனதாக்கிக்கொள்ளும். ஒவ்வொரு தொகுதியையும் தனித்தொட்டியில் மூன்று வாரம் வைத்து, வெள்ளைப்புள்ளி நோய் இல்லையென்று உறுதி செய்தபின் மாற்றுங்கள். கௌராமியை விட்டபின் துரத்தல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் கற்களையும் செடிகளையும் இடம் மாற்றி வையுங்கள்; எல்லை குலையும்போது பெரும்பாலும் சண்டையும் அடங்கும்.