பாயின்ட் லைட் ஒளித் தேய்வு: அன்ரியல், யூனிட்டி, கோடோ மூன்றில் எந்த வளைவு எதற்கு?

ஒரே அறை, ஒரே பாயின்ட் லைட் (ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் ஒளி வீசும் விளக்கு), ரேஞ்ச், அதாவது ஒளி எட்டும் எல்லை, 10 மீட்டர். கேம் இன்ஜினை மாற்றினால் 5 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் விழும் வெளிச்சம் நான்கைந்து மடங்கு மாறிவிடும். தூரம் கூடக் கூட ஒளியைத் தேய்க்கும் சூத்திரம் ஒவ்வொன்றிலும் வேறு. இன்டென்சிட்டியை (விளக்கின் வலிமையை) சேர்க்காமல் வளைவின் மதிப்பு மட்டும் இதோ:

| தூரம் | இருமடி + விளிம்பு மங்கல் | யூனிட்டி பில்ட்-இன் (ஏறத்தாழ) | கோடோ 4, அட்டெனுவேஷன் 1 | அன்ரியல், எக்ஸ்போனென்ட் 8 |
|---|---|---|---|---|
| 1 மீ | 1.00 | 0.80 | 1.00 | 0.92 |
| 2 மீ | 0.25 | 0.50 | 0.50 | 0.72 |
| 5 மீ | 0.035 | 0.138 | 0.176 | 0.10 |
| 8 மீ | 0.005 | 0.059 | 0.044 | 0.0003 |

அட்டவணையின் முதல் வளைவு எதிர்த்தகவு இருமடி விதி: தூரம் இருமடங்கானால் ஒளி கால் பங்காகும். அந்த விதிப்படி ஒளி எந்தத் தூரத்திலும் பூஜ்ஜியமாகாது. இன்ஜினுக்கோ ஓர் எல்லை வேண்டும். அதனால் தூரத்தை ரேஞ்சால் வகுத்து நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, 1-இலிருந்து கழித்து, வருவதை இருமடியாக்கிப் பெருக்குகிறார்கள். அன்ரியல் 4-க்காக பிரையன் கேரிஸ் 2013-இல் கணினி வரைகலை மாநாடான சிக்ராஃபில் விளக்கிய முறை இது. யூனிட்டியின் புதிய ரெண்டரிங் முறையான யூஆர்பியிலும் இதே வடிவம்தான். கோடோவில் அட்டெனுவேஷனை (தேய்வின் அடுக்கை) 2 ஆக்கினால் இதே வளைவு கிடைக்கும். அங்கே இயல்பு மதிப்பு 1 என்பதால்தான் மூலைகள்கூட வெளிச்சமாகத் தெரிகின்றன.

யூனிட்டியின் பழைய ரெண்டரிங் முறையான பில்ட்-இன் 1 ÷ (1 + 25 × விகிதம்²) என்பதை ஒட்டியது. விகிதம் என்பது தூரம் ÷ ரேஞ்ச். வளைவே ரேஞ்சோடு கட்டப்பட்டிருப்பது இதன் பெரிய குறை. ரேஞ்சை 10-இலிருந்து 20 ஆக்கினால் 5 மீட்டரில் 0.138 என்பது 0.39 ஆகிறது. எட்டும் தூரத்தைக் கூட்டப் போய், 5 மீட்டர் சுவர் ஏறத்தாழ மூன்று மடங்கு வெளுத்துப்போகும். இருமடி முறையில் இதே மாற்றம் 0.035-ஐ 0.040 ஆக்குவதோடு நிற்கும். ஒளியமைப்பு செய்பவருக்கு இந்த ஒரு குணமே போதும், இருமடியைத் தேர்ந்தெடுக்க.

பில்ட்-இன்னிலிருந்து யூஆர்பிக்கு மாறும்போது தூர மூலைகள் இருண்டுவிடும். உடனே இன்டென்சிட்டியை நான்கு மடங்காக்குவது தவறு: மூலை பழையபடி வரும், ஆனால் 1 மீட்டரில் ஐந்து மடங்கு எரியும். பார்வை அதிகம் விழும் தூரத்தை, சொல்லப்போனால் 2 மீட்டரை, வைத்துப் பொருத்துங்கள். அங்கே 0.50-க்கு 0.25, ஆக இரண்டு மடங்கு போதும். மிச்ச இருளைச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒளியை பேக் செய்தோ (முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்தோ), நிழல் இல்லாத ஒரு ஃபில் லைட் (இருளை நிரப்பும் துணை விளக்கு) வைத்தோ நிரப்புங்கள்.

அதற்கு முன் யூனிட்டி பிளேயர் செட்டிங்ஸில் கலர் ஸ்பேஸ் லீனியரா (ஒளியின் அளவை அப்படியே கணக்கிடுவதா) என்று பாருங்கள். காமாவில் (திரைக்கேற்ப வளைத்த எண்களில் கணக்கிடும் முறையில்) இருந்தால் இருமடித் தேய்வு மிகக் கடுமையாகத் தெரியும். பழைய கேம்களில் தூரத்தால் மட்டும் வகுத்த தேய்வு இயல்பாகத் தெரிந்ததும் இதனால்தான்: சிக்னல் பாதியானால் திரை 2.2 அடுக்கில் அதை ஏறத்தாழ 0.22 ஆக்கிவிடும். கிட்டத்தட்ட கால் பங்கு, அதாவது இருமடி விதி.

அன்ரியலில் யூஸ் இன்வர்ஸ் ஸ்கொயர்டு ஃபால்ஆஃப் (இருமடித் தேய்வு) டிக்கை எடுத்தால், தேய்வின் வேகத்தைத் தீர்மானிக்கும் எக்ஸ்போனென்ட் வேலைக்கு வரும். எண் குறையக் குறைய ஒளி விளிம்புவரை பரவும். விளக்கின் மையத்தில்கூட மதிப்பு 1-ஐத் தாண்டாது. கார்ட்டூன் பாணி, மந்திரக்கல் ஒளிர்வு, ஃபில் லைட் இவற்றுக்கு நல்ல தேர்வு. ஆனால் அங்கே இன்டென்சிட்டி வெறும் பெருக்கு எண். இருமடி முறையில் 1 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு) என்பது அலகில்லாத 625-க்குச் சமம். ஆயிரக்கணக்கில் இருந்த அந்த எண்ணை அப்படியே விட்டால் ரேடியஸ் (அன்ரியலில் ரேஞ்சின் பெயர்) முழுக்க வெள்ளையாகிவிடும். முக்கிய விளக்குகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பக்கத்து விளக்கோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய எந்தப் பிடியும் இருக்காது.

இருமடியின் தொல்லை விளக்குக்கு அருகில்தான். சுவரிலிருந்து 10 செ.மீ.யில் வைத்தால் மதிப்பு 100. அன்ரியல் தூரத்தின் இருமடியோடு 1 கூட்டுகிறதே என்றால், அது சதுர சென்டிமீட்டர். 100 வெறும் 99 ஆகும். விளக்கை 30 செ.மீ.க்கு நகர்த்தினால் 11-க்கு இறங்கும். பல்பின் மெஷ் (3டி உருவம்) சுவரிலேயே எமிசிவாக (தானே ஒளிர்வதாக) இருக்கட்டும்.

ரேஞ்சைத் தாராளமாக வைக்க வேண்டாம். இருமடங்காக்கினால் ஒளி தொடும் கனஅளவு எட்டு மடங்கு. காட்சியைச் சிறு செல்களாகப் பிரித்து விளக்குகளைக் கணக்கிடும் கிளஸ்டர் முறையில் அத்தனை செல்களில் இந்த விளக்கும் கணக்கில் சேரும். அதே சமயம் மிகவும் குறைத்துவிட்டால் விளிம்பு மங்கலே வளைவைத் தின்றுவிடும்: ரேஞ்சின் பாதியில் 12 சதவீதம் போகிறது, 80 சதவீதத் தொலைவில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது.

எந்த வளைவையும் கண்ணால் எடைபோடுமுன் ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்துவிடுங்கள். இருண்ட பக்கம் திரும்பியதும் அது வெளிச்சத்தைத் தூக்கித் தேய்வை மறைத்துவிடும். பிறகு 1, 2, 4 மீட்டரில் விளக்கை நேராகப் பார்த்தபடி சாம்பல் நிறத் தட்டுகளை நிறுத்தி, டோன்மேப்பிங்குக்கு (வெளிச்சத்தைத் திரையின் வரம்புக்குள் சுருக்கும் படிக்கு) முந்தைய மதிப்பைப் படியுங்கள். ரேஞ்ச் போதுமான அளவு பெரிதாக இருந்தால், ஒவ்வொரு தட்டும் முந்தையதன் கால் பங்காக இருக்க வேண்டும்.